எத்தனை வருடம் என்ற கட்டம்

மார்ச் 3, செவ்வாய். காலை 5.40. அப்பாவுக்கு இன்று 32-ஆவது டயாலிசிஸ்.

மலைமேல், கரியாலூரில் பனி. வாடகைக் கார் வந்துவிட்டது. வாரம் இரண்டு தடவை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. போய்வர 1,800.

மாலை: இறங்கும்போது ஒன்றுமில்லை. ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் அப்பா வாந்தி. சீட் முழுக்க. நானே கழுவினேன். டிரைவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வாரத்துலேர்ந்து வேற வண்டி பாத்துக்குங்க. அருவி பாக்க வர்றவங்க நாத்தம் அடிக்குதுன்றாங்க."

பஸ்ஸில் அவரால் முடியாது. சொந்தக் கார்தான்.

மார்ச் 4, புதன். ஆலையில் மதிய இடைவேளை. லேப்டாப்பில் கணக்கு. வருடத்துக்கு 10,000 கி.மீ.

மின்சாரக் கார்: 9.5 லட்சம். கரண்ட், இன்சூரன்ஸ், சர்வீஸ் வருடம் 41,000.
புது பெட்ரோல்: 6.5. வருடம் 85,000.
பழையது: 2.6. ரிப்பேர் சேர்த்து வருடம் 1,03,000.

கடைசியில் விற்கும் விலையையும் கழித்தாயிற்று. எத்தனை வருடம் வைத்திருப்போம் என்ற கட்டம் மட்டும் காலி. பேட்டரி உத்தரவாதம் எட்டு வருடம், அதனால் 8 போட்டேன். மின்சாரக் கார் முதலிடம். 3 போட்டால் பழைய கார். புது பெட்ரோல் எங்கேயும் ஜெயிக்கவில்லை.

எனக்குக் கார் தேவையில்லை, பைக் போதும். ஆக அந்தக் கட்டம் கேட்பது அப்பா எத்தனை வருடம் என்று. சாப்பிடவில்லை.

மார்ச் 6, வெள்ளி. நல்ல வெயில். 33. அந்த டிரைவரின் கடைசி நடை. இதயம் பலவீனம், மாற்றுச் சிறுநீரகம் பொருத்த முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். மீதியை நர்ஸிடம் கேட்டேன்.

"இன்னும் எத்தன வருசம் இப்டி வரணும் சிஸ்டர்?"

"வந்துக்கினே இருக்கணும்னு வேண்டிக்கோ தம்பி. வராம போனா இன்னா அர்த்தம்?"

முட்டாள் கேள்வி. கேட்டது நான்.

மார்ச் 7, சனி. தூறல். காலையிலிருந்து கரண்ட் இல்லை. அப்பா லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா இது எட்டு?"

"பேட்டரி கேரண்டிப்பா."

"எனுக்கு எவன் குடுத்தான் கேரண்டி? ரெண்டு போடு."

"சும்மா இருங்கப்பா."

"போட்றா. பாலிடெக்னிக் படிச்சவன், கணக்க ஒழுங்கா போடு."

போட்டேன். பழைய கார் மேலே வந்தது.

"கம்மி இல்ல? அத்தயே வாங்கு. மிச்சத்த வெச்சிக்கினு கல்யாணம் பண்ணு. பொண்ணு பாக்க மட்டும் அதுல போயிடாத, வூட்டு லச்சணம் தெரிஞ்சிடும்." சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து வந்து லேப்டாப்பை மூடிவிட்டுப் போனாள்.

கணக்கில் பிழை இல்லை. அதுதான் எரிச்சல்.

மார்ச் 8, ஞாயிறு. காலை 6. செவ்வாய்க்குள்:

1. சின்னசேலம் பழைய கார் புரோக்கரிடம் இன்றே போக. மெக்கானிக்கோடு.
2. பிரேக் முழுக்க மாற்றாமல் மலைப் பக்கம் கொண்டுவரக் கூடாது.
3. முன் சீட் முழுதாகச் சாய்கிறதா? நானே படுத்துப் பார்க்க.
4. வண்டிப் பதிவு அப்பா பெயரில். "உங்க பேர்ல போடுங்க சார், பின்னால வாரிசு சர்டிபிகேட்டுக்கு அலையணும்" என்று புரோக்கர் போனிலேயே சொன்னான். அலைகிறேன்.