தோளில் இருந்த துண்டு

அன்புள்ள அரை டிக்கெட்டுக்கு,

இங்கே நானும் அத்தையும் நலம். நீயும் நலம்தான் என்று அத்தை சொல்கிறார்கள். வாரம் ஒருமுறை விண்வெளி நிலையத்திலிருந்து வரும் பத்து நிமிடப் போனில் உன் அம்மாவோடு ஒன்பதரை நிமிடம் பேசுகிறாய். மீதி அரை நிமிடம் எனக்கு. "சாப்டீங்களா? சரி, வெச்சிடறேன்" என்கிறாய். நாலு மாதமாக இதே பாட்டு.

சமையலறைக் குழாய் ஒழுகியது, சரிசெய்துவிட்டேன். அத்தையும் டிவியும் ஒரு கட்சி. நான் நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிறேன். மேல் அலமாரிக்கு நீ ஏறும் முக்காலி வழியில்தான் கிடக்கிறது. தினமும் இடித்துக்கொள்கிறேன், நகர்த்த மனம் வரவில்லை.

போன வாரம் உன்னோடு அங்கே இருக்கும் நெட்டையன் நிலையத்துக்கு வெளியே மிதந்து, நீ செய்ய வேண்டிய பழுது வேலையைச் செய்ததை ஆபீஸ் திரையில் பார்த்தோம். உள்ளே இருந்து அவனுக்கு ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்த உன் குரல் மட்டும் கேட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை.

நீ கிளம்பும் முன் விண்வெளி உடைக்கு நான் அளவெடுத்த அந்த நாளைப் பற்றி நாம் இன்னும் பேசவே இல்லை. இருப்பது நடு அளவு, பெரிய அளவு என்று இரண்டே உடை. நடு அளவுக்குள் நீ நின்றபோது தோள் நிறைந்திருந்தது. உன் தோள் எனக்குத் தெரியாதா? உள்ளே கைவிட்டு இழுத்தால் நம் வீட்டுத் துண்டு, நாலாக மடித்தது. "பாக்காத மாதிரி இருந்துடுங்களேன்" என்று கெஞ்சினாய். கையுறை நுனிக்கு விரல் எட்டாமல், வெளியே பாதுகாப்புக் கொக்கியை நீ நழுவவிட்டால் நான் என்ன ஆவேன்? துண்டை எடுத்தது தப்பில்லை. இன்றைக்கும் எடுப்பேன்.

தப்பு அதற்குப் பிறகு நடந்தது. வெளியே நடப்பதற்கான படிவத்தில் ஆளுக்கு ஒரு கட்டம்தான். உன் பெயருக்கு நேரே "தகுதி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினைந்து வருடமாக அப்படியே எழுதிப் பழகிய கை. தகுதி இல்லாதது உடைக்கு அல்லவா? ஏழு வருடம் பயிற்சி எடுத்தவளை ஒரு நொடியில் குறை சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

இப்போது படிவத்தில் உடைக்கென்று தனிக் கட்டம் போட வைத்திருக்கிறேன். சின்ன அளவு உடை வேண்டும் என்று தலைமைப் பொறியாளரிடம் மல்லுக்கட்டினேன். "ஒருத்திக்காகவா?" என்றார். மறுநாளே பயிற்சியில் இருக்கும் சின்ன உடம்புக்காரர்கள் பதினோரு பேரை அவர் அறை வாசலில் வரிசையாக நிறுத்தினேன். அங்கேயே ஒப்புதல் கொடுத்துவிட்டார். இந்தச் சரக்குக் கலத்தில் சின்னக் கையுறைகள் வருகின்றன. மார்புப் பகுதியை அடுத்ததில் அனுப்ப வேண்டும்.

அதில்தான் ஒரு சிக்கல். எடையில்லாத இடத்தில் முதுகெலும்பு நீண்டு ஆட்கள் கொஞ்சம் வளர்ந்துவிடுவார்கள். என்னிடம் இருப்பது நீ இங்கே நின்றபோது எடுத்த அளவு. உன் அளவெல்லாம் மனப்பாடம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனுக்கு இன்று உன் உயரம் தெரியவில்லை. வெட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வலது கையுறைக்குள் அளவுநாடா வைத்திருக்கிறேன். தோள், மார்பு, உயரம், மூன்று எண் போதும். கோபம் தீர வேண்டாம், வேறெதுவும் பேச வேண்டாம். அந்த அரை நிமிடத்தில் சொல்லிவிடு. பென்சிலோடு போன் பக்கத்திலேயே இருப்பேன்.

வெளியே ஆசைதீர நடந்துவிட்டுப் பத்திரமாக வந்து சேர். முக்காலி அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
உன் அளவுக்காரன்