உன் அம்மாவுக்கு மருந்து கேட்டது

சித்தூர்

அன்புள்ள ரகுவுக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அங்கே ஹாம்பர்க் குளிரில் நீயும் பவ்யாவும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே நிம்மதி. ரிப்போர்ட் நல்லபடியாக வந்ததை அம்மா போனில் சொன்னாள். அவள் குரலில் சந்தோஷமே இல்லையே, எதையாவது மறைக்கிறீர்களா என்று என்னைத் தனியாகக் கேட்டாய் அல்லவா, அதற்குத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறாள்.

மறைக்க ஒன்றும் இல்லை. சிறுநீரில் ரத்தம் வந்ததைச் சூடு என்று நினைத்து மாதக்கணக்கில் பார்லித் தண்ணீர் குடித்ததும், பிறகு திருப்பதியில் பார்த்து, சிறுநீர்ப்பையில் புற்றுநோய், ஆனால் ஆரம்பக் கட்டம், தசைக்குள் இறங்கவில்லை என்று சொல்லிக் கட்டியைச் சுரண்டி எடுத்ததும் உனக்குத் தெரியும். திரும்ப வராமலிருக்க டாக்டர் நீரஜா வாரா வாரம் குழாய் வழியாகப் பைக்குள்ளேயே மருந்து விட்டார். பிறந்த குழந்தைக்குத் தோளில் போடுகிற அதே பி.சி.ஜி. தடுப்பூசி மருந்துதான். அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் கெட்ட செல்களை அதை வைத்தே அழிக்கப் பார்க்குமாம். இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும், அப்புறம் எரிச்சல், காய்ச்சல். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

அப்போது பக்கத்துக் கட்டிலில் பழக்கமானவள்தான் யசோதா. வெதுருகுப்பத்துக்காரி, பள்ளிக்கூடத்து டீச்சர், அம்மாவுக்கு இருந்த அதே நோய், அதே கட்டம், அதே மருந்து. இரண்டு பேரும் தெலுங்கில் பேசிப் பேசியே அந்த இரண்டு மணி நேரத்தைத் தள்ளுவார்கள். இடையில் நீ அனுப்பிய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையை டாக்டர் நிறுத்தச் சொன்னார், உன்னிடம் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இரும்புக்குத் துரு மாதிரி உடம்புக்குள்ளும் ஒரு அரிப்பு நடக்கிறதாம், அதிகமானால் நல்ல செல்லையும் கெடுக்கும், ஆனால் எதிர்ப்புச் சக்தி நோயைக் கொல்லுவதற்கும் அதையேதான் ஆயுதமாக எடுக்குமாம். இந்த மருந்து யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பதில் அதற்குப் பங்கு உண்டா என்று இப்போதுதான் ஆராய்கிறார்களாம், உறுதியாகத் தெரியாதாம், தெரியாதபோது அந்த அரிப்பைத் தடுக்கிற இந்த மாத்திரை எதற்கு என்றார். அம்மா லேசில் விடவில்லை, என் புள்ள அவ்ளோ தூரத்துலேருந்து அனுப்பிச்சது, அதைப் போய் நிறுத்தச் சொல்றீங்களே என்றாள். யசோதாதான் சிரித்துக்கொண்டே அந்த மாத்திரை டப்பாவை வாங்கி என் துணிப்பையில் போட்டாள்.

வாரா வாரம் போட்ட மருந்து முடிந்ததும் பரிசோதனை இருவருக்கும் ஒரே நாளில் நடந்தது. அம்மாவுக்குப் பை சுத்தமாக இருந்தது. யசோதாவுக்கு நோய் திரும்பியிருந்தது, ஆழமாகவும் போயிருந்தது, பையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். பஸ் பாதி வழி வந்ததும் அம்மா கேட்டாள், நான் இன்னா பெருசா பண்ணிக்கினேன், எனக்குக் கேக்குது, அவளுக்கு மட்டும் ஏன் கேக்கலை என்று. டாக்டரிடமும் அதையே கேட்டாள், அதைக் கண்டுபிடிக்கத்தான் நோயாளிகளிடம் ரத்தமும் சிறுநீரும் கேட்கிறோம் என்றார், அம்மா உடனே சம்மதித்தாள். ஆனால் தொடர்ந்து போட வேண்டிய மருந்துக்கு மட்டும் வர மாட்டேன் என்றுவிட்டாள். போதும், சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க இல்ல என்பாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

யசோதாவின் ஆபரேஷனுக்கு முதல்நாள் அவளைப் பார்க்கப் போனோம். நான் உனக்கு ஆறுதல் சொல்ல வந்தேன் என்று அம்மா அழுதாள். யசோதா அழவில்லை. நீ மருந்தை நிறுத்திட்டியாமே, எனக்குக் கேட்டிருந்தா நான் நிறுத்துவேனா கன்னிகா என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், நேராகக் கீழே டாக்டர் அறைக்குப் போய் எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அடுத்த வாரமே மருந்து போட்டாயிற்று.

யசோதா பிழைத்துக்கொண்டாள். சிறுநீர் சேருவதற்கு வயிற்றுக்கு வெளியே ஒரு பை ஒட்டியிருக்கிறது, அதை மாற்ற அவளுக்கு இன்னும் கை வரவில்லை, அம்மா வெதுருகுப்பம் போய் நர்ஸிடம் கற்றுக்கொண்டதைச் செய்து கொடுக்கிறாள். சாப்பாட்டுக்கு அங்கேயே இருந்துவிடுகிறாள், நானே சோறு வடிக்கிறேன், பரவாயில்லாமல் வருகிறது.

இந்த நோய்க்குச் சிகரெட்டும் ஒரு காரணமாம், நீ அதை விட்டேன் என்று சொன்னாய், பவ்யாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்வேன். மாத்திரை எதுவும் இனி அனுப்பாதே, அனுப்புவதற்கு முன் கேள். பகவான் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல உடம்பும் தரட்டும். ஒன்றை மறக்காதே, இனி போன் செய்யும்போது யசோதா எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேள், அதற்குப் பதில் சொன்ன பிறகுதான் அம்மா தன் உடம்பைப் பற்றி வாய் திறப்பாள்.

இப்படிக்கு
உன் நலம் விரும்பும் நைனா
வேங்கடாசலம்