கதவுக்கு வைத்த பொட்டு

8.9.2025, திங்கள்

இன்றோடு என் சாவிக்கொத்து ரிட்டயர்டு. ஆபீஸ் வாசலில் இனி பூட்டு கிடையாது. சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி. முகத்தைக் காட்டினால் திறக்கும், கார்டை வைத்தாலும் திறக்கும். போனில் தட்டினால் சென்னையிலிருந்தே திறக்கலாமாம். "எல்லாம் கிளவுட்ல இருக்குதுக்கா" என்றான் வெற்றிச்செல்வன். மேகத்தை நம்பி உப்புக் கம்பெனியைப் பூட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

வெற்றி, முதலாளி தனகோடி ஐயாவின் தங்கை மகன். ஆறு மாதமாக எங்கள் மேனேஜர். அவன் சொல்வதும் நியாயம்தான். பன்னிரண்டு பேர் பாக்கெட் போட்ட இடத்தில் இப்போது நாற்பது பேர். பெரிய கடைக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். கண்டவர்களும் உள்ளே வரக் கூடாது. பின்கதவைக்கூடச் செங்கல் வைத்து அடைத்துவிட்டான்.

யாருக்குக் கதவு திறக்கலாம் என்று ஆப்பில் ஏற்றுகிற வேலை என் தலையில். அட்மினாம்! ஆரோக்கியசெல்வி, அட்மின். வீட்டுக்காரரிடம் சொன்னேன், "மொதல்ல தண்ணி மோட்டர போடு" என்றார்.

9.9

காலையில் வெற்றியையே தெரியாது என்றது கதவு. கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. நான் சொல்லவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

11.9

சிரித்ததெல்லாம் போதும். பேக்கிங் ஷெட்டில் இருந்த பாத்ரூமை இடித்துத்தான் இரண்டாவது மெஷினை வைத்தார்கள். அன்றிலிருந்து ஷெட்டுப் பெண்கள் ஆபீஸ் பாத்ரூமுக்குத்தான் வருவார்கள். ஆப்பில் இருப்பதோ ஸ்டாஃப், விசிட்டர் என இரண்டே வகை. இவர்கள் இரண்டிலும் இல்லை. அதனால் கதவு திறக்கவில்லை.

வெற்றியிடம் சொன்னேன். முகம் சிவந்துபோய், "அடுத்த ஃபேஸ்ல பாத்துக்கலாம்க்கா" என்றான். அவசரம் என்ன, ஃபேஸ் பார்த்தா வரும்?

சுற்றிலும் உப்பளம், மறைப்பே கிடையாது. ஷெட்டுக்குப் பின்னால் வேலிக்காத்தான் புதர், அவ்வளவுதான்.

12.9

வழி கண்டுபிடித்துவிட்டேன். கதவு முன் நின்று எனக்கு மிஸ்டு கால். ஒரு ரிங். நான் ஆப்பில் ஒரு தட்டு. கதவு திறக்கும்.

14.9, ஞாயிறு

ஷெட்டில் ஓவர்டைம். நான் கோயிலில். திருப்பலி நடுவே முழங்காலில் இருந்தபடியே கதவைத் திறந்துவிட்டேன். மாதா மன்னிப்பாள். அவளும் பிள்ளை பெற்றவள்தானே.

22.9

மாட்டிக்கொண்டேன். யார் எப்போது திறந்தார்கள் என்று ஆப் ஒன்றுவிடாமல் எழுதி வைக்குமாம், சனியன். "ஞாயித்துக்கெழமகூட நீங்கதான் தெறந்திருக்கீங்க. ரூல்னா ரூல்க்கா" என்று வெற்றி என்னை அட்மினிலிருந்து தூக்கிவிட்டான். இனி ஆப்பில் தட்டித் திறப்பது அவனும் முதலாளியும் மட்டும்தான். நான் முகம் காட்டித் திறந்து வேறு யாரையும் உள்ளே விடவும் கூடாதாம்.

26.9

ஷெட்டில் மெஷின் பார்க்கிற சந்தியாவுக்கு ஆறாம் மாசம். தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறாள். "குடிச்சா போவணுமேக்கா" என்கிறாள். இன்று மெஷின் பக்கத்திலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், நர்ஸ் அம்மா எங்களைத்தான் திட்டினார். வந்த ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. இவளுக்கு ஏதாவது ஆகியிருந்தா? அந்தக் கறுப்புப் பெட்டியா வந்து பதில் சொல்லும்?

1.10, ஆயுத பூசை

எழுதும்போதே கை சிரிக்கிறது.

மெஷின், தராசு, கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தது லட்சுமியம்மாள்தான். ஷெட்டில் மூத்த கை அவர். கதவுப் பெட்டியையும் விடவில்லை. "அதுவும் வேல செய்யுதுல்ல?" என்று அதன் கேமராக் கண்ணிலேயே கெட்டியாக ஒரு பொட்டு. போன், கார்டு, சாவி எல்லாம் கருவிதானே? அவையும் உள்ளே சாமி படத்துக்கு முன்னால் தட்டில். வெற்றிதான் முதலில் வைத்தான். என் போனை மட்டும் நான் வைக்கவில்லை, வீடியோ எடுக்கச் சொல்லியிருந்தான்.

பூசணிக்காய் உடைக்க எல்லோரும் வாசலுக்கு வந்தோம். பூசணி உடைந்தது, கைதட்டினோம். பின்னால் 'டக்'. கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெற்றி போய் முகத்தைக் காட்டினான். பொட்டு வைத்த கண்ணுக்கு என்ன தெரியும்? கைக்குட்டையால் துடைத்தான், சந்தனம் இன்னும் நன்றாக அப்பிக்கொண்டது. ஒருத்தி ஓடிப்போய் உப்புப் பாத்தித் தண்ணீரை மொண்டு வந்து கழுவினாள். அது காய்ந்ததும் உப்புப் பூத்து வெள்ளையாகிவிட்டது!

அப்போதுதான் வெற்றி ஒரு மாதிரி நெளிவதைப் பார்த்தேன். காலையிலிருந்தே வயிறு சரியில்லையாம். அதன்மேல் சுண்டல் மூன்று தொன்னை.

"அக்கா, உங்க போனு..."

"நான்தான் அட்மின் இல்லையே சார்."

என் போனிலிருந்து அவன் பெயரில் ஆப்புக்குள் போகலாமா என்று யோசித்தான். ஓ.டி.பி. அவனுடைய போனுக்குத்தான் வரும். அது உள்ளே சரஸ்வதி முன்னால் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவன் கண் மெதுவாகப் புதர்ப் பக்கம் போனது.

லட்சுமியம்மாள் கிண்டல் தெரியாத குரலில் சொன்னார், "போ தம்பி, நாங்க தெனம் போற எடம்தான். பாம்பு இருக்கும், குச்சியால தட்டிக்கினு போ."

வெற்றி போகவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட முடியுமா?

"முதலாளிக்குப் போன் போடட்டா சார்? அதுக்கு முன்னால, பேக்கிங் ஆளுங்களுக்குக் கார்டு?"

"தர்றேன்க்கா!"

"எத்தன பேருக்கு?"

"எல்லாருக்கும்! நாளைக்கே! போடுங்கக்கா!"

வீடியோவை அப்போதுதான் நிறுத்தினேன்.

ஐயா பிரம்மதேசத்து வீட்டில் டிராக்டருக்குப் பூசை போட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, கதவு சாத்திக்கிச்சு. உங்க ஆப்புல ஒரு தட்டு தட்டுங்க. பேக்கிங் பொண்ணுங்க பாத்ரூம் போவணுமாம்" என்றேன். வெற்றி என்னைப் பார்த்த பார்வை! வாழ்நாளில் என்னை யாரும் அப்படிக் கும்பிடுவதுபோல் பார்த்ததில்லை.

"அதுக்கு என்னை ஏம்மா கேக்குறீங்க? அவங்களுக்குக் கார்டு இல்லியா?"

"குடுக்கப்போறாராம்ங்க. மேனேஜர் இப்பதான் சொன்னாரு."

"ம்... கண்ணாடி எங்க வெச்சேன்? இரு, பேத்திய கூப்புடுறேன். நிவேதா! ஏ நிவேதா!"

நிவேதா வருவதற்குள் வெற்றி ஒற்றைக் காலில் தவமே முடித்துவிட்டான். 'டக்' என்றதும் செருப்போடு ஓடினான், சாமியைக்கூடப் பார்க்கவில்லை.

2.10

லீவு. வீடியோவை நாலு தடவை பார்த்தேன். யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

6.10, திங்கள்

நாளைக்கே என்றவன் ஐந்து நாள் கழித்துக் கொடுத்தான். போகட்டும். ஆப்பில் 'பேக்கிங்' என்று புதிதாக ஒரு வகை, எந்நேரமும் திறக்கும். நான் மறுபடியும் அட்மின். முதல் கார்டை சந்தியாவுக்கு அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். "தண்ணி குடிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

27.10

விடாத மழை. சந்தியாவின் மெஷின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில், முக்கால்வாசி காலி.

லட்சுமியம்மாள் கார்டை வெளியே எடுப்பதே இல்லை. இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் இருக்கிறது. வருவார், பெட்டியை இடுப்பால் ஒரு இடி, கதவு திறக்கும். ஷெட்டே இப்போது அப்படித்தான் வருகிறது.

இன்று மத்தியானம் வெற்றி இரண்டு கையிலும் சாம்பிள் பெட்டிகளோடு வந்தான். கார்டு பேண்ட் பாக்கெட்டில். அன்றைக்கு உப்புப் பூத்ததிலிருந்து பெட்டிக்கு முகம் தெரிவதில்லை. அங்கும் இங்கும் பார்த்தான். யாரும் இல்லை என்று நினைத்துப் பெட்டிமேல் இடுப்பை இடித்தான். திறக்கவில்லை.

பின்னால் வந்த லட்சுமியம்மாள் சொன்னார், "இன்னும் கொஞ்சம் கீழ, தம்பி."