அடிக்குறிப்பில் ஒளித்த கையெழுத்து

பான், மேற்கு ஜெர்மனி, 13 அக்டோபர் 1966

மழை. நூலகத்தில் என் ஆய்வேட்டின் நாயகரான வக்கீலோடு ஐந்து மணி நேரம். எலைஜா தோர்ன்பரி, போன நூற்றாண்டு அமெரிக்கர், ஒஹையோக்காரர். ஓடிவந்த அடிமைகளுக்காகக் காசு வாங்காமல் வாதாடியவர். பிறகு, பிடிபட்டவர்களை எஜமானிடம் திருப்பி அனுப்பும் அரசுப் பதவி அவரைத் தேடி வந்தது. 1851-இல், ஓர் உத்தரவில்கூடக் கையெழுத்திடாமல் ராஜினாமா செய்தார் என்கிறது பேராசிரியர் கெஸ்லரின் புத்தகம். அதைப் படித்துவிட்டுத்தான் மூன்று வருஷத்துக்கு முன் மெட்ராஸில் கப்பல் ஏறினேன்.

2 நவம்பர்

அமெரிக்காவிலிருந்து, நான் கேட்டிருந்த நீதிமன்ற ஆவணங்களின் மைக்ரோஃபிலிம் வந்தது. மார்ச் 1853: ஹேனா என்ற பெண்ணை எஜமானிடம் ஒப்படைக்க உத்தரவு. கீழே தோர்ன்பரியின் கையெழுத்து!

அடப்பாவி.

3 நவம்பர்

சாப்பாடு இறங்கவில்லை.

20 நவம்பர்

கெஸ்லர்தான் என் வழிகாட்டி. அவர் புத்தகம் தப்பு என்று அவரிடமே நீட்டுவதா? வாத்தியார் எதிரில் உட்காரவே கூசுகிற ஜென்மம் நான். என் ஆய்வேட்டின் 214-ஆம் பக்கத்தில் ஒரு வரி அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டேன். பொய் இல்லையே?

பௌதிகம் படிக்கும் பார்த்தசாரதி இதைக் கேட்டுக் கேன்டீனில் சிரித்தார். "என்ன வைதேகி, தீசிஸ்ல குருபக்தியா? ஃபுட்நோட்டை யார் படிக்கப் போறா?"

யாரும் படிக்கக் கூடாதென்றுதானே போட்டேன். கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.

9 ஜனவரி 1967

கெஸ்லர் படித்துவிட்டார். அடிக்குறிப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "இது ஓர் அத்தியாயம். எழுதாவிட்டால் ஆய்வேட்டை ஏற்க மாட்டேன்."

"ஐயா, உங்கள் புத்தகம்..."

"அதற்கு நீங்கள் காவல் நிற்க வேண்டாம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. மரியாதை என்று பேர் வைத்து ஹேனாவை ஒரு வரிக்குள் அடைத்தேனே — எனக்கும் தோர்ன்பரிக்கும் என்ன வித்தியாசம்?

16 ஏப்ரல்

அத்தியாயம் முடிந்தது. முப்பத்தொரு பக்கம்.

22 ஜூன்

வாய்மொழித் தேர்வு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் கெஸ்லர். இடப்பக்கம் இருந்தவர் கேட்டார்: "உங்களுக்கு முன்னால் தோர்ன்பரியை ஆராய்ந்தவர் இந்த உத்தரவைப் பார்க்கவே இல்லையா?"

அந்தக் காலத்தில் இது கிடைத்திருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பார்த்தேன்," என்றார் கெஸ்லர். "அசலையே கையில் வைத்துப் பார்த்தேன். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புத்தகத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டேன்."

அடுத்த கேள்வியை அவரே கேட்டார், பதில் சொன்னேன். தேறிவிட்டதாக அறிவித்துக் கை கொடுத்தபோது அவர் கைதான் சில்லிட்டிருந்தது.