மைக்கின் மேல் ஓர் ஆரஞ்சுப் பை

நல்லர்போர் சமவெளி,
மாநில எல்லைக்கு இந்தப் பக்கம்.
ஞாயிறு.

அன்புள்ள கெரின் அக்காவுக்கு,

பிரயனி எழுதுவது. நானும் லாக்லனும் குழந்தைகள் இருவரும் நலம், ஓரளவு சுத்தமாகவும் இருக்கிறோம். நீயும் பூனையும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே போனுக்குச் சிக்னல் கிடையாது. இருந்திருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன். என் குரல் உடையும், நீ உடனே "பிரை, அழாதடி" என்பாய், நானும் சின்ன வயதிலிருந்து பழகியபடி அடங்கிப் போவேன். அதனால்தான் காகிதம். சாலையோரக் கடையில் காலையில் தபால் எடுக்கிறார்களாம்.

முதலில் நல்ல சேதிகள். டெஸ்ஸுக்கு முன்பல் விழுந்துவிட்டது. விழுந்த பல்லை எடுத்துக்கொண்டு காசு வைக்கும் பல் தேவதைக்கு இந்தப் பொட்டல்வெளிக்கு வழி தெரியுமா என்று அன்று முழுக்கக் கவலை. காருக்குப் பின்னால் இழுத்து வரும் எங்கள் கூடார வண்டி, இந்தக் கேம்பரின் கேன்வாஸ் ஜிப்பைத் திறக்கத் தேவதைக்குத் தெரியாது என்று முடிவு செய்து, தண்ணீர் டம்ளரில் பல்லைப் போட்டு வெளிப்படியிலேயே வைத்தாள். விடிந்ததும் டம்ளருக்குள் காசு இருந்தது, கூடவே செத்த ஈக்கள். தேவதையின் உதவியாளர்கள் என்கிறாள்.

மாநில எல்லைச் சாவடியில், பூச்சி பரவும் என்று, பழம், காய், தேன் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் எல்லாக் குடும்பமும் எல்லையை நெருங்க நெருங்கப் பழமாய்த் தின்கிறது. லாக்லன் ஒரு பெரிய வலைப்பை ஆரஞ்சு வாங்கிவிட்டார், மலிவு என்று. குழந்தைகளுக்கு வயிறு கடகடக்கிறது. அந்தப் பையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஃபெர்கஸ் நன்றாகக் கறுத்திருக்கிறான். தலைமுடி உப்பில் கயிறு போல் ஆகிவிட்டது. புதிதாக ஒரு வார்த்தையும் வரவில்லை. இந்தப் பயணத்தில் அவனுக்குப் பிடித்தது கடலும் இல்லை, கங்காருவும் இல்லை, காரிலுள்ள ரேடியோதான். நீ கேம்பரில் வந்ததில்லை, அதனால் சொல்கிறேன். இங்கே போகிற வண்டிக்கெல்லாம் ஒரு ரேடியோ உண்டு. மைக்கின் பொத்தானை அழுத்தினால் நாம் பேசுவது சுற்றுவட்டாரத்தில் அந்தச் சேனலில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும். லாரிக்காரர்களுக்கு ஒரு சேனல், கேம்பர்காரர்களுக்குப் பதினெட்டு. பின்னால் வருபவர்கள் கூப்பிட வசதியாக அந்த எண்ணைக் கேம்பரின் முதுகில் ஒட்டி வைக்கிறோம். ஃபெர்கஸ் ஒலிபெருக்கியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறான். அப்போதுதான் அவனுக்கு மனிதக் குரல் மனிதக் குரலாகக் கேட்கிறது போலும். அவன் முகம் மலர்வதைப் பார்த்தால் நீயும் அழுவாய். அழுவாய் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன்.

ஸ்ட்ரீக்கி பே கடற்கரை ஊரில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். முகாமில் ஒருவர் தன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஃபெர்கஸ் அந்தச் சக்கரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கிளிஞ்சல் அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் கத்தினோம். ஊரே திரும்பிப் பார்த்தது, அவன் மட்டும் திரும்பவில்லை. நான் ஓடிப்போய் அவனைப் பிடித்து இழுத்த இடத்தில் அவன் கையில் என் விரல் தடம் இரண்டு நாள் இருந்தது. முகாம் என்றால் பகல் முழுக்க யாராவது ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டேதான் இருப்பார். அன்று மாலையே, லாக்லனின் அம்மாவுக்கும் சொல்லாமல், முதலில் உனக்குத்தான் போனில் எழுதினேன். அவன் காதுக்குள் சேர்ந்திருக்கும் நீரை எடுத்துக் சிறு குழாய் வைக்கும் ஆபரேஷன் தேதி மட்டும் தவறிவிடக் கூடாது, அந்த ஆஸ்பத்திரியில் தேதி போடும் மேசையில் என் அக்கா இருக்கிறாள், அது போதும் என்று எழுதினேன். நீ சிவப்பு இதயம் அனுப்பியிருந்தாய்.

பிறகு உன்னிடமிருந்து வந்தது: டாக்டர் விடுப்பில் போகிறார், ஆஸ்பத்திரியே தேதியைத் தள்ளிவிட்டது, புதுத் தேதி தெரியவில்லை, கவலைப்படாமல் கடலைப் பார். நான் குளியலறையில் போய் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சரி, அப்ப திரும்ப வேண்டாம், மேற்கே போகலாம்" என்று லாக்லனிடம் நானே சொன்னேன். அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்காரங்க இப்படித்தான் பிரை, நாம என்ன பண்ண முடியும்" என்றார். அந்தக் குரலில் எனக்காக எவ்வளவு வருத்தம் இருந்தது தெரியுமா?

இனி இன்று காலை நடந்தது.

எங்களோடு ஜெனெல், பிரெட் குடும்பமும் சேர்ந்து வருகிறது. அவர்களுக்கும் இரண்டு பெண்கள். எங்கள் கேம்பரின் இழுவைக் கொக்கியில் ஏதோ தட்டுகிற சத்தம் வந்ததால், அதைக் கேட்டுப் பார்க்கப் பிரெட் எங்கள் காரில் லாக்லன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். டெஸ்ஸும் நானும் ஜெனெலின் வண்டியில், அவர்களுக்குப் பின்னால் வந்தோம். ஃபெர்கஸ் ரேடியோவை விட்டு வர மாட்டேன் என்று அப்பாவோடே இருந்துவிட்டான். விளையாடி முடித்து மைக்கை அவன் முன்சீட்டுகளுக்கு நடுவில் போட்டிருக்க வேண்டும். அதை அதன் இடத்தில் திரும்ப மாட்டாமல், அதன் மேலேயே ஆரஞ்சுப் பையை வைத்திருக்கிறார் லாக்லன். பொத்தான் அழுந்திவிட்டது.

முதலில் பாட்டுத்தான் கேட்டது. இரண்டு பேரும் கழுதை போல் கத்தினார்கள். பின்சீட்டில் பெண் பிள்ளைகள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என் புருஷனுக்கு இந்தக் குரலை வச்சுக்கிட்டு ரேடியோவுல பாட எவ்வளவு தைரியம் பாரேன்" என்று ஜெனெலும் சிரித்தாள். பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அவர்களுக்கு எங்கள் குரல் போய்ச் சேராது. ஆகவே ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டாள். லாக்லன் ஜன்னல் வழியே கையை ஆட்டினார். நாங்கள் வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

பிரெட் கேட்டான்: "ஏன் மச்சான், நீங்க இந்த மாசம் ஊருக்குத் திரும்பணும்னு சொன்னியே? பையனுக்கு ஏதோ ஆபரேஷன்னு?"

லாக்லன் சொன்னார்: "அதெல்லாம் நான் கேன்சல் பண்ணிட்டேன்டா. பிரைக்குத் தெரியாது. அவ அக்கா அங்கதானே வேலை பாக்குறா, கெரின், அவளுக்கு ஒரு போன் போட்டேன், முடிஞ்சுது. ஆஸ்பத்திரியே தள்ளிப் போட்டுட்டாங்கன்னு அவளே எழுதிட்டா. நான் சொன்னா பிரை நூறு கேள்வி கேப்பா, அக்கா சொன்னா கேக்க மாட்டா."

ஜெனெலின் கை ஒலியைக் குறைக்கப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், சின்னவன் பின்னாடி உக்காந்திருக்கான்டா" என்றான் பிரெட்.

"அவனுக்கு எங்கடா கேக்கப் போவுது" என்று லாக்லன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு, அக்கா. கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன், எப்போதும் சிரிக்கிற சிரிப்புத்தான். நான் கல்யாணம் செய்துகொண்ட சிரிப்பு.

அப்புறம் யார் கை பட்டதோ, பை நகர்ந்திருக்க வேண்டும். ரேடியோ அமைதியானது. உடனே ஒரு வயதானவர் குரல், எங்கேயோ முன்னால் போகிற கேம்பரிலிருந்து வந்தது. "தம்பி, வீட்டு விஷயத்தை வீட்ல பேசுப்பா. இந்த ரோடு பூரா கேட்டாச்சு." இன்னொரு பெண் குரல், "அந்தப் பொண்ணு எந்த வண்டியில இருக்கோ பாவம்" என்றது. அந்தப் பொண்ணு நான்தான். எங்கள் கேம்பரின் முதுகில் பதினெட்டு என்று அழகாக வெட்டி ஒட்டியதும் நான்தான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினோம். டெஸ் நேராகப் போய் ஃபெர்கஸின் காதருகே குனிந்து, கையைக் குவித்து, "அப்பா சொன்னது உண்மை இல்ல, உனக்குக் கேக்கும்" என்று உரக்கச் சொன்னாள். அவன் அவளுக்கு ஓர் ஆரஞ்சுச் சுளையைக் கொடுத்தான்.

லாக்லனிடம் கேட்டேன். தானாகவே சரியாகலாம் என்று டாக்டரே சொன்னாரே என்கிறார். சில குழந்தைகளுக்கு என்றுதான் டாக்டர் சொன்னார், ஃபெர்கஸுக்கு என்று சொல்லவில்லை. "என் வாழ்க்கையில நானா ஆசைப்பட்டுச் செஞ்சது இந்த ஒரு பயணம்தான் பிரை" என்றார். அதுவும் பொய் இல்லை. அவர் அழுதும்விட்டார். நீ எப்போது பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்தாய் என்று கேட்டதற்கு மட்டும் ஞாபகம் இல்லை என்கிறார்.

அவரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, அதுதான் ஆத்திரம். அவருக்கு நான் கேள்வி கேட்கிறவள். ஆனால் உன்னிடம் நான் கேள்வியே கேட்டதில்லையே. அவர் அதைத் தெரிந்து வைத்திருந்தார், நீ அந்த நம்பிக்கையை அவர் கையில் கொடுத்தாய். கெடுதல் நினைத்துச் செய்திருக்க மாட்டாய். என் கவலைகளை எல்லோரும் ஒரு வியாதி போலத்தான் பார்க்கிறீர்கள், எனக்குத் தெரியும். பிரைக்கு ஒரு நல்ல விடுமுறை வேண்டும், கொஞ்சம் கடல் காற்று பட்டால் சரியாகிவிடுவாள் என்று இரண்டு பேரும் போனில் பேசியிருப்பீர்கள்.

குழந்தைகள் தூங்குகிறார்கள். கேஸ் குமிழைத் திரும்பவும் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். லாக்லன் வெளியே படியில் இருக்கிறார். கார்ச்சாவி இந்தக் காகிதத்துக்கு அடியில் இருக்கிறது. கேம்பரைக் கழற்றிவிட்டு, காலையில் குழந்தைகளோடு கிழக்கே கிளம்புகிறேன், நான்தான் ஓட்டப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உடன் வருவதானால் கேம்பரை மாட்டட்டும், நானே இழுத்துப் போகிறேன். இல்லையென்றால் கேம்பரிலேயே இருக்கட்டும், அவர் ஆசைப்பட்ட இடம்தானே. முடிவு அவருடையது. இவ்வளவு தூரம் நான் ஓட்டியதே இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. பயந்துகொண்டே ஓட்டுவேன்.

அக்கா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஃபெர்கஸின் பெயரைத் திரும்பப் போடு. பழைய தேதி போய்விட்டது என்றால் டாக்டரின் கதவுக்கு வெளியே நில். யார் போன் செய்து என்ன சொன்னாலும், என் வாயால் கேட்காமல் அந்தப் பெயரைத் தொடாதே.

நீ பெயரை எடுத்தது ஸ்ட்ரீக்கி பேயிலிருந்து நான் எழுதியதற்கு முன்பு என்றால், அதை எனக்கு எழுது. அந்தச் சக்கரத்தைப் பற்றித் தெரியாமல் செய்தாய் என்று நானும் ஒருநாள் உன் வீட்டுக் கதவைத் தட்டுவேன். பின்பு என்றால், எனக்குத் தயவுசெய்து சொல்லாதே. பெயரை மட்டும் போட்டு வை.

நீ நன்றாக இரு. இரவில் நிம்மதியாகத் தூங்கு. உன் காதுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
பிரயனி