ஏச்சு விழாத பிள்ளை

என்ர செல்ல அப்பாவுக்கு,

உங்கட டிலா எழுதுறன். முதல்லயே சொல்லிப்போடுறன், இதை நான் என்ர வலைப்பதிவில போடப் போறன். ஊர் முழுக்க வாசிக்கும். நீங்களும் எதையும் எங்களுக்கு மட்டும் சொன்ன ஆள் இல்லைத்தானே? வீட்டில சோத்துக் கோப்பைக்கு முன்னால சொல்லவேண்டிய கதையையும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய கோயில் ஹோலில மைக் பிடிச்சுச் சொன்ன ஆள் நீங்கள். நான் உங்கட மகள்.

தமிழில பிழை இருந்தால் மன்னியுங்கோ. பள்ளிக்கூடத்தில பிரெஞ்சு, டிவியில இங்கிலீசு. தமிழ் எழுத நான் பழகினது இன்ரநெற்றில மற்ற ஆக்கள் சண்டை பிடிக்கிறதை வாசிச்சுத்தான். அதால மரியாதையா எழுதவும் தெரியும், கிழிச்சு எழுதவும் தெரியும். இண்டைக்கு ரெண்டும் வரும்.

அப்பா, எஸ்.ஏ.ரி சோதனை எழுதிப்போட்டன்! மார்க்ஸும் வந்திட்டுது! பொறுங்கோ, பேந்து சொல்லுறன். முதல்ல வாசிக்கிற மற்ற ஆக்களுக்கு ஒருக்கா விளங்கப்படுத்த வேணும்.

இது எப்பிடித் தொடங்கினதெண்டால், நியூ ஜெர்சியில இருக்கிற மாமி, அப்பாவின்ர அக்கா, ஒருநாள் ரெலிபோனில சொன்னவ, "தம்பி, பதினோராம் வகுப்பில பிள்ளை எஸ்.ஏ.ரி எழுதாட்டி யூனிவர்சிற்றியை மறக்க வேண்டியதுதான்" எண்டு. மாமி சொன்னது அமெரிக்காப் பதினோராம் வகுப்பு. அங்க அதுக்குப் பிறகு இன்னொரு வருசம் பள்ளிக்கூடம் கிடக்கு, பிறகு நேர யூனிவர்சிற்றி. இங்க கனடாவில, கியூபெக்கில பதினொண்டோட பள்ளிக்கூடம் சரி. பிறகு செஜெப் எண்டு ரெண்டு வருசம் வேற கல்லூரி. அதுக்குப் பிறகுதான் யூனிவர்சிற்றி. செஜெப்புக்குப் போக உந்தச் சோதனை ஒண்டும் தேவையில்லை.

அப்பாவுக்கு அது தெரியாது. தெரியாட்டியும் மைக் கையில இருந்தது.

"பதினொண்டெண்டால் பதினொண்டுதான்! அமெரிக்காவில எண்டாலென்ன, எங்கட லாசாலில எண்டாலென்ன, எண்ணிக்கை மாறுமோ?" எண்டு நீங்கள் ஹோலில கேட்டதும் எல்லாரும் கை தட்டினவை. எனக்கு வெக்கமா இருந்தது, அதேநேரம் உங்கட அழகான குரலுக்கு நான்தான் எல்லாரிலயும் பாக்கக் கூடச் சத்தமாக் கை தட்டினனான்.

யூட் அங்கிள் மட்டும், உங்களோட ஒரே சாப்பாட்டுக்கடைக் கிச்சினில நிண்டு வேலை செய்த உங்கட சிநேகிதர், கை தூக்கினவர். "மச்சான், எங்கட பிள்ளையள் பிரெஞ்சிலயெல்லே படிக்குதுகள்? உது இங்கிலீசுச் சோதனையெல்லே?"

"அப்ப இங்கிலீசும் படிக்கட்டும்."

"அமெரிக்காவுக்கு அனுப்ப எங்களால ஏலுமோ?" எண்டு பின்னால ஒரு அன்ரி கேட்டா. பக்கத்தில இருந்த மற்ற அன்ரி சொன்னா, "அனுப்பாட்டியும் எழுதி வைப்பம். தடுப்பூசி மாதிரி, கிடந்திட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான். கோயில் ஆக்களின்ர பதினோராம் வகுப்புப் பிள்ளையள் எல்லாரும் தொக்கையான ஒரு இங்கிலீசுப் புத்தகத்தோட திரிஞ்சம். பள்ளிக்கூடத்தில வழிகாட்டி மிஸ்ஸிட்டப் போய்க் கேட்டால், அவ கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டு "புர்குவா?" எண்டா. ஏனாம். நான் "மொன் பேர்" எண்டன். என்ர அப்பா எண்டு. வேற காரணம் என்னட்ட இருக்கேல்ல.

பிழையைக் கண்டுபிடிச்சது நான்தான். அமெரிக்கப் பிள்ளையள் எழுதிற ஒரு ஃபோரத்தில வாசிச்சனான். ஓடி வந்து உங்களிட்டச் சொன்னன். ஞாபகம் இருக்கோ? நீங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டனீங்கள், வேலையில நாள் முழுக்க வெட்டிப்போட்டு வீட்டிலயும்.

"அப்பா, எங்களுக்கு இன்னும் ரெண்டு வருசம் கிடக்கு. இப்ப எழுதத் தேவையில்லை."

கத்தி நிக்கேல்ல. "அப்ப ரெண்டு வருசம் முந்திப் போறம். அதில என்னடி நட்டம்?"

"எல்லாருக்கும் பிழையாச் சொல்லிப்போட்டியளப்பா."

"சொன்னதைச் சொன்னபடி விடு. நீ போய்ப் படி. ஃபோரம், கீரம் எண்டு திரியாதை. நேற்று அந்தக் கணக்கு ஏன் பிழைச்சது? அதைச் சொல்லு முதல்ல."

அதுதான் நீங்கள் எனக்குக் கடைசியா ஏசினது. பெப்ரவரி முடியிறதுக்குள்ள, வேலைக்கு வெளிக்கிட்டு மெட்ரோவில போகேக்க உங்கட நெஞ்சு நிண்டுபோச்சு.

அப்பா, இனித்தான் கிழிச்சு எழுதப் போறன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு கொஞ்ச நாளில யூட் அங்கிள் மைக்கைப் பிடிச்சார். உங்கட மைக்! "பதினொண்டெண்டால் பதினொண்டுதான்" எண்டு உங்கட வசனத்தை அப்பிடியே சொன்னார். ஆக்களும் கை தட்டினவை! நான் கதிரையில கையைக் கட்டிக்கொண்டு இருந்தன். என்ர வயிறு எப்பிடி எரிஞ்சதெண்டு தெரியுமோ? நல்ல மனுசர். எங்களுக்குச் சாமான் வாங்கிக் கொண்டுவந்து தந்தவர், அம்மாவை அலுவலகம் அலுவலகமாக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவர். அதெல்லாம் தெரியும். எண்டாலும் அவற்ற மகள் அனோஜினிக்கு அப்பாவும் இருக்கிறார், என்ர அப்பாவின்ர ஐடியாவும் இருக்கு. எனக்கு என்ன மிச்சம்?

அதால ஒண்டு செய்தன். ரெண்டு வருசப் பிழையை அங்கிளுக்கு நான் சொல்லவேயில்லை. அவர் மைக்கில பிழையாச் சொல்லச் சொல்ல, நான் பேசாமல் இருந்து கேட்டன். அது உங்கட பிழை அப்பா. அதைத் திருத்திற உரிமை எனக்கு மட்டும்தான், ஆருக்கும் தரமாட்டன். இப்ப இதை வாசிக்கிற அங்கிளுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியட்டும்.

அனோஜினி ஒவ்வொருநாளும் எம்.எஸ்.என் சாற்றில தன்ர பேருக்குப் பக்கத்தில என்னத்தைப் போடுவாள் தெரியுமோ? "அப்பா என்னைக் கொல்லுறார்." "திரும்பவும் கணக்கு, திரும்பவும் ஏச்சு." "ஆராவது என்னைத் தத்தெடுங்கோ." ஒவ்வொரு வரியா வாசிச்சுப்போட்டு நான் கொம்பியூட்டரை நிப்பாட்டுவன். பிறகு இன்னொருக்காப் போட்டு வாசிப்பன்.

சோதனைக்கு டவுன்டவுனுக்குப் போகவேணும். சனிக்கிழமை காலமை அங்கிளின்ர வான் எங்கட பில்டிங்குக்குக் கீழ வந்து நிண்டது. அம்மா கையில சான்ட்விச்சைத் தந்திட்டு, "கவனமாப் போட்டு வா" எண்டா. நீங்கள் போனதில இருந்து அம்மா அவ்வளவுதான். சாப்பிட்டியோ, படுத்தியோ, கவனம். படிச்சியோ எண்டு ஒருநாளும் கேக்கேல்ல.

வான் முழுக்க அங்கிளும் அனோஜினியும்தான்.

"பென்சில் கூர் பாத்தனியோ?"

"பாத்தனான்."

"கல்குலேற்றருக்கு பற்றரி?"

"அப்பா, ப்ளீஸ்!"

"என்ன ப்ளீஸ்? போன முறை வீட்டில செய்து பாக்கேக்க கடைசிப் பக்கத்தைப் பாக்காமல் மூடி வைச்ச மாடெல்லே நீ? இண்டைக்கும் மூடு, வெளிய வா, காட்டுறன் வேலை."

பிறகு கண்ணாடியில என்னைப் பாத்தார். குரல் அப்பிடியே இறங்கிட்டுது. "டிலா பிள்ளை, நீங்கள் பயப்பிடாதையுங்கோ. உங்களுக்கு ஏலுமானது போதும்."

நீங்களும் பிள்ளையுமாம்! முந்தி நான் அவருக்கு "எடியேய் டிலா". அவற்ற வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் "எடியேய், கொள்ளைக்காரி" எண்டு கத்துவார். இப்ப நான் ஏதோ வெடிப்பு விழுந்த கண்ணாடிப் பாத்திரம். கையால தொடவும் பயம்.

சோதனை நல்லாத்தான் போச்சு. கணக்கு லேசு. இங்கிலீசுச் சொல்லுகள் பாதி, பிரெஞ்சில இருக்கிறதை வைச்சு மட்டுக்கட்டினன். கட்டுரை எழுதிக் கை உளைஞ்சது. வெளிய வந்தால், படிக்கட்டடியில எங்கட ஆக்களின்ர அப்பாமார் வரிசையா நிக்கினம், வேலைக்கு லீவு போட்டுட்டு.

"எத்தினை விட்டனி?" "விட்டனியோ? ஏன் விட்டனி?" "அந்தப் பெடியன் அரை மணித்தியாலம் முந்தி வந்திட்டான், நீ என்ன உள்ள நித்திரையோ?" ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு ஏச்சு. எல்லாப் பிள்ளையளின்ர முகமும் கோணிப்போச்சு. நான் மட்டும் ஒரு ஓரமா நிண்டு சான்ட்விச் சாப்பிட்டன்.

அனோஜினி என்னட்ட வந்து சொன்னாள், "நீ லக்கியடி. உன்னை ஒருத்தரும் அரிக்கேல்ல."

அவள் யோசிச்சுச் சொல்லேல்ல, தெரியும். சொன்ன உடன அவளின்ர முகமும் செத்துப்போச்சு. எண்டாலும் அப்பா, அந்த நேரம் அவளின்ர அப்பாவை, அந்த வானை, அந்த மாடு எண்ட பேச்சை, எல்லாத்தையும் பறிச்சுக்கொண்டு ஓடலாம் போல இருந்தது எனக்கு. இப்பிடி ஒரு பொறாமை எனக்கு உடுப்பிலயும் வந்ததில்லை, செல்போனிலயும் வந்ததில்லை. ஆரும் ஏச்சுக்குப் பொறாமைப்படுவினமோ?

மூண்டு கிழமையால மார்க்ஸ் இன்ரநெற்றில வந்தது. ஆயிரத்து எழுநூற்று இருபது! ஓடிப்போய் அம்மாட்டச் சொன்னன். அம்மா உடுப்பு மடிச்சுக்கொண்டு, "நல்லம் பிள்ளை" எண்டா. நல்லம். அவ்வளவுதான்.

அந்த நேரம் ரெலிபோன் அடிச்சது. யூட் அங்கிள். பின்னால அனோஜினி அழுற சத்தம். அவளுக்கு ஆயிரத்து ஐநூறாம், வீடே ரெண்டுபட்டுப் போய்க் கிடக்கு.

"டிலா பிள்ளை, உங்களுக்கு எவ்வளவம்மா?"

ஏன் அப்பிடிச் சொன்னனெண்டு இப்பவும் தெரியேல்ல. வாயில வந்திட்டுது. "ஆயிரத்து முந்நூறு, அங்கிள்."

அனோஜினியில பாக்க இருநூறு குறைவு. இப்ப வெடிப்பார், இப்ப "எடியேய்" எண்டுவார், கொப்பர் இருந்திருந்தால் எண்டு தொடங்குவார் எண்டு காதை ரெலிபோனோட ஒட்டிக்கொண்டு நிண்டன்.

அங்கிள் பெருமூச்சு விட்டார். "பரவாயில்லையம்மா. இந்த நிலைமையில நீங்கள் எழுதினதே பெரிய விசயம். கவலைப்படாதையுங்கோ."

வைச்சிட்டன். திரும்பினால் அம்மா கதவடியில நிக்கிறா. கையில உங்கட பழைய ஸ்வெற்றர், பாதி மடிச்சபடி.

"என்ன சொன்னனி அவருக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஆயிரத்து முந்நூறெண்டு சொன்னனி. எனக்குக் காது கேக்கும். எடியே, ஆரிட்டக் கேட்டு என்ர பிள்ளையின்ர மார்க்ஸைக் குறைச்சனி?"

அப்பா, நாலு மாசமா மெல்லக் கதைச்ச மனுசி, பில்டிங் அதிரக் கத்தினா! "கொப்பர் ஊரெல்லாம் மைக் பிடிச்சுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கிறார், நீ அவற்ற பேரைக் கெடுக்கவோ நிக்கிறாய்? கேக்க ஆளில்லையெண்டு நினைச்சியோ?" எண்டபடி ரெலிபோனைப் பறிச்சு, தானே நம்பரை அமத்தினா.

"யூட் அண்ணை, இவள் பொய் சொன்னவள். ஆயிரத்து எழுநூற்று இருபது. ஓம். எழுநூற்று இருபது. அனோஜினிக்கு எவ்வளவு? ஆ... அவளும் பாவம், ஏசாதையுங்கோ." அந்த "பாவம்" எண்டதில எவ்வளவு பெருமை இருந்ததெண்டு உங்களுக்குத்தான் விளங்கும்.

வைச்சிட்டு என்னைப் பாத்தா. "இது எத்தினைக்கு?"

"ரெண்டாயிரத்து நானூறுக்கு."

அம்மா கண்ணை மூடிக் கழிச்சா. "அப்ப மிச்சம் அறுநூற்று எண்பதும் எங்க? ஆரிட்டக் குடுத்தனி?"

கொம்பியூட்டருக்கு முன்னால கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. அவவுக்கு இங்கிலீசு வாசிக்க வராது. எண்டாலும் விரலை ஸ்கிரீனில வைச்சு வைச்சு, "இதேன் இவ்வளவு குறைவு? இது என்ன, கட்டுரையோ? கட்டுரை எழுதத் தெரியாமல் என்னத்துக்கு இரவிரவா அதில தட்டுறனி?" எண்டு சமைக்கவும் எழும்பாமல் ஏசினா. நான் ஒவ்வொண்டுக்கும் எதிர்க்கதை சொன்னன். எங்கள் ரெண்டு பேற்ற குரலும் கம்மிப்போச்சு. அண்டைக்கு நாங்கள் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டது.

பொறாமை போயிட்டுதோ எண்டு கேப்பியள். இல்லையப்பா. அங்கிளின்ர வான் ஹோர்ன் அடிச்சால் இப்பவும் சுள்ளெண்டுது. அனோஜினிக்கு ஏச ரெண்டு பேர், எனக்கு ஒராள். அதை எந்தக் கல்குலேற்றரிலயும் சரிக்கட்ட ஏலாது. நீங்கள் இருந்திருந்தால் அந்த அறுநூற்று எண்பதுக்கு என்ன சொல்லியிருப்பியள்? மைக்கில சொல்லியிருப்பியளோ, இல்லை எனக்கு மட்டும் சொல்லியிருப்பியளோ?

ஒண்டு உறுதியாச் சொல்லுறன். செஜெப்பில இருந்துகொண்டு உந்தச் சோதனையைத் திரும்ப எழுதுவன். வாற மார்க்ஸ் கூடினாலும் குறைஞ்சாலும் உள்ளதை உள்ளபடி அம்மாட்டக் கொண்டுபோய்க் குடுத்திட்டு, பக்கத்தில கதிரை போட்டு இருப்பன். இனி ஒருத்தரையும் எனக்குப் பாவம் பாக்க விடமாட்டன்.

உங்கட முதலாவது ரசிகை,
அம்மாட்ட இப்ப வடிவா ஏச்சு வாங்கிற உங்கட மகள்,
டிலா