எடையும் விலையும் ஒன்றாய்க் காட்டும் தராசு

1984 ஆடி, புதன்கிழமை.

பண்டகசாலைக்குப் புதுத் தராசு காட்ட மதராஸிலிருந்து ஒரு டை கட்டிய ஆள் வந்திருந்தார். அந்த டையைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல். சாமானை வைத்தால் எடையையும் விலையையும் ஒன்றாகவே காட்டிவிடுகிறது அவருடைய தராசு. இனி எடை போடுகிற பெருமாளே சீட்டில் விலையைக் குறித்துக் கொடுத்துவிடுவார். நான் காசு வாங்கிப் போட்டால் போதும்.

இத்தனை நாளும் பெருமாள் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, "துவரம்பருப்பு ஒண்ணேகால், எழுதிக்குங்க!" என்று குரல் கொடுப்பார். நான் கணக்குப் போட்டு பில் எழுதுவேன். எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. அந்தக் குரலுக்காகவே நான் லீவு போடுவதில்லை.

வாங்கலாமா என்று மானேஜர் முதலில் பெருமாளைக் கேட்டார்.

"வாங்கிடுங்க சார். கிருத்திகைக் கூட்டத்துல கத்திக் கத்தி தொண்டை கட்டிகினு கீது." பாதி வார்த்தை காற்றாகத்தான் வந்தது.

"நீ என்னம்மா சொல்றே?"

விலைவாசி தினமும் மாறுகிறது, ரிப்பேர் என்றால் மதராஸுக்கு ஓட வேண்டும் என்றெல்லாம் காரணம் யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறக்கும்போது பெருமாள் இருமினார்.

"வாங்கிடலாம் சார்" என்று சொல்லிவிட்டேன்.

நாளைக்கே கொண்டுவந்து வைக்கிறார்களாம். பெருமாளுக்குச் சந்தோஷம். மானேஜரைப் பார்த்துச் சிரித்தார்.

தூக்கம் வரவில்லை. எழுதிக்குங்க என்று யாரும் சொல்லாமலே எழுதிக்கொண்டிருக்கிறேன்.